ஜிம்முக்குப் போக ஆரம்பித்தபின் தீராத அசதியா? செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் எல்லோருக்கும் உடம்பு வலிக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிக்கல் வருவது இரண்டாவது மாதத்தில்தான். போன வாரம் சுலபமாக ஏறிய 40 கிலோ இந்த வாரம் அசைய மறுக்கிறது. காலையில் எழுந்தால் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. மத்தியானம் கடையில் கண் சொருகுகிறது, ராத்திரி படுத்தாலோ தூக்கம் பிடிப்பதில்லை. மாஸ்டரிடம் சொன்னால் "பழகிடும் தம்பி, விடாம வா" என்கிறார். வீட்டில் அப்பத்தா "எதுக்குய்யா அந்த இரும்பைத் தூக்கி உசுர விடுற?" என்கிறார். இரண்டு யோசனையுமே உதவாது.

புதிதாக ஆரம்பித்தவருக்கு இப்படி அசதி ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்பின் பலவீனம் அல்ல. ஐந்தாறு வருஷம் பயிற்சி எடுத்தவரின் அட்டவணையை வாங்கிக்கொண்டு, அதைத் தாங்குகிற தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் ஓடுவதுதான் காரணம். அதனால் சரிசெய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பயிற்சியைக் குறைக்க வேண்டும், அடுத்து தூக்கம், அதற்கடுத்து சாப்பாடு. டப்பாவில் வரும் பவுடர் கடைசி. நம்மில் பலர் தொடங்குவதே அந்தக் கடைசியிலிருந்துதான்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கண்ணாடிமேல் சாயச் சிமெண்டை ஊற்றிக் கல்லை வார்ப்பது கொஞ்ச நேர வேலை. கல்லுக்குப் பலம் ஏறுவது அதற்குப்பின் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் நாட்களில். தசையும் அப்படித்தான். ஒருமுறை நன்றாக வேலை கொடுத்தால், அடுத்த 24 முதல் 48 மணி நேரம் வரை உடம்பு வழக்கத்தைவிட வேகமாகப் புதுத் தசைப் புரதம் கட்டிக்கொண்டிருக்கும். அந்த வேலைக்கு வேண்டிய நேரத்தையும் சரக்கையும் கொடுக்காமல் மறுநாளே திரும்பப் போய் அடித்தால் அசதிதான் சேரும்.

முதலில் எந்த வலி என்று பாருங்கள்

பயிற்சிக்கு மறுநாள் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்குவது சாதாரணத் தசைவலி. மாடிப்படி ஏறுவதைவிட இறங்கும்போது தொடை அதிகம் வலிக்கும். அதே பயிற்சியை அடுத்தமுறை செய்தால் வலி பெருமளவு குறைந்திருக்கும். லாக்டிக் ஆசிட் தேங்கி நிற்கிறது என்று ஜிம்மில் யாராவது விளக்கம் சொல்வார்கள். அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும்; மறுநாள் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. லேசாக நடப்பதும் வெந்நீர்க் குளியலும் போதும்.

இரண்டாவது வகை, சேர்ந்துபோன அசதி. குறிப்பாக ஓரிடம் என்று வலிக்காது. தூக்கும் எடை இறங்கும், எரிச்சல் கூடும், பசி மந்தமாகும், ஜிம் வாசலைப் பார்த்தாலே சலிப்பு வரும். இந்த வழிகாட்டி முக்கியமாக அதற்குத்தான்.

மூன்றாவது வகைக்கு வழிகாட்டி படிக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை வீங்கி, கையையோ காலையோ மடக்க முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை இழை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள், சிறுநீரகத்தையே பாதித்துவிடும். ரொம்ப நாள் இடைவெளிக்குப்பின் பந்தயம் கட்டி ஒரே மூச்சில் இருநூறு முந்நூறு பஸ்கி போடுகிறவர்களுக்கு இது வரக்கூடியதுதான். நெஞ்சுவலி, மயக்கம், காய்ச்சல், மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலி இவற்றோடும் பயிற்சி செய்யக்கூடாது.

ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு வாரம் எழுதுங்கள். எத்தனை கிலோ, எத்தனை செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப் (தடவை), செட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள். காலையில் படுக்கையிலேயே நாடித்துடிப்பை ஒரு நிமிஷம் எண்ணி எழுதிவைத்தால் நல்லது. அது வழக்கத்தைவிடக் கூடியே மூன்று நான்கு நாள் நின்றால் உடம்பு இன்னும் தேறவில்லை, அல்லது காய்ச்சல் எதுவோ வரப்போகிறது.

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிற தம்பி ஒருவர் காட்டிய நோட்டு இப்படி இருந்தது. திங்கள், ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 50 கிலோ, ஐந்து செட்டின் ரெப்: 5, 5, 4, 3, 3. அதன்கீழ் நெஞ்சுக்கு ஐந்து வகைப் பயிற்சி. செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று சனி வரை ஆறு நாளும் நிரம்பியிருந்தது. தூக்கம் ஐந்து மணி நேரம், நாலரை, ஐந்து. காலையில் டீ, பன். ராத்திரி கடை அடைத்தபின் பதினொரு மணிக்குப் பரோட்டா. ஓரத்தில் சின்ன எழுத்தில் "ரெஸ்ட் 1 நிமிஷம்".

"அண்ணே, நான் இன்னும் கஷ்டப்படணுமோ?" என்று கேட்டார்.

"கஷ்டத்துக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. கடையில பத்து மணி நேரம் நிக்கிறீங்களே, அதை எந்த வரியில எழுதியிருக்கீங்க?"

அந்த 5, 5, 4, 3, 3 என்ற வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் இரண்டு செட் முழுசாக வந்திருக்கிறது. அப்படியென்றால் 50 கிலோ அவர் சக்திக்கு மீறியது அல்ல. பிறகு படிப்படியாகச் சரிந்ததற்குக் காரணம் ஒரு நிமிஷ இடைவெளி. கனமான ஸ்குவாட்டுக்கு அடுத்த செட்டுக்குள் தசை தயாராக இரண்டு மூன்று நிமிஷமாவது பிடிக்கும். அடுத்த வாரம் வேறெதையும் தொடாமல் இடைவெளியை மட்டும் மூன்று நிமிஷமாக்கினார். 5, 5, 5, 5, 4 வந்தது. நோட்டு இல்லாமல் இருந்தால் அவர் எடையைக் குறைத்திருப்பார், இல்லையென்றால் ஏதாவது டப்பா வாங்கியிருப்பார்.

பயிற்சியைப் பாதியாக்குங்கள்

இதுதான் முக்கியமான படி. மனசுக்கு ஒப்பாத படியும் இதுவே.

முதல் வாரம், தூக்கிக்கொண்டிருக்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, செட்டுகளையும் பாதியாக்குங்கள். ஜிம்முக்குப் போவதை நிறுத்த வேண்டாம். போய், லேசாகச் செய்துவிட்டு, தெம்பு மிச்சமிருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு வாரத்தில் பலம் எங்கேயும் ஓடிப்போகாது.

இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்து எடையை மேலே தள்ளுவது), ரோயிங் (குனிந்து எடையை வயிற்றுப் பக்கம் இழுப்பது). அடுத்த பயிற்சி நாளில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (தோளிலிருந்து தலைக்குமேல் தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுப்பது). இப்படி மாறிமாறி. ஒவ்வொன்றிலும் வார்ம்-அப் போக மூன்று செட், செட்டுக்கு ஐந்து முதல் எட்டு ரெப். டெட்லிஃப்ட் மட்டும் இரண்டு செட்டோடு நிறுத்துங்கள். இடுப்பும் முதுகும் அதிலிருந்து தேற அதிக நாள் எடுக்கும். பைசெப்ஸுக்கு ஆசைப்பட்டால் கடைசியில் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

இவ்வளவு குறைவா என்று தோன்றும். எடைப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், இரண்டாம் உலகப்போரில் அடிபட்ட வீரர்களுக்கு முதலில் கொடுத்த கணக்கு ஒரு பயிற்சிக்கு 70 முதல் 100 ரெப். 1945இல் அதை வெளியிட்டார். மூன்றே வருஷத்தில், 1948இல், வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதும்போது அந்த எண்ணிக்கை அதிகம், 20 முதல் 30 ரெப்பே பெரும்பாலானவர்களுக்கு நல்லது என்று தானே திருத்திக்கொண்டார். மூன்று செட் என்று இன்று எல்லா ஜிம்மிலும் சொல்கிற வழக்கத்துக்கு அது ஒரு முக்கியமான வேர்.

கூடவே இன்னொரு பழக்கத்தை விட வேண்டும். ஒவ்வொரு செட்டையும் கை நடுங்கி ராடு நின்றுபோகும் வரை இழுப்பது. இன்னும் இரண்டு ரெப் போடலாம் என்று தோன்றும்போதே ராடைத் தாங்கியில் வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு ரெப்பில் கிடைக்கும் லாபம் கொஞ்சம், அதிலிருந்து தேற ஆகும் செலவு அதிகம். பின்னால் நின்று "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கத்தும் நண்பரை முதல் ஆறு மாசத்துக்குத் தள்ளியே வைத்திருங்கள்.

எடை ஏற்றுவதும் நிதானமாக. கால் பயிற்சிக்கு ஒருதடவைக்கு 2.5 கிலோ, கை, தோள் பயிற்சிகளுக்கு அதிலும் பாதி. நம் ஊர் ஜிம்களில் 1.25 கிலோ பிளேட்டோ அதைவிடச் சிறியதோ பல நேரம் இருக்காது. அப்போது எடையை ஏற்றாமல் ரெப்பை ஏற்றுங்கள்: மூன்று செட்டும் எட்டு ரெப் வந்தபின் எடையைக் கூட்டி, திரும்ப ஐந்து ரெப்பிலிருந்து ஆரம்பியுங்கள். ராடு எல்லா இடத்திலும் 20 கிலோ என்று நினைத்துவிடாதீர்கள். பல ஜிம்களில் அது இலகுவான ராடாக இருக்கும். ஒருமுறை எடை மிஷினில் ராடைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பாருங்கள்.

தூக்கம்

வயது வந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள். கடை அடைத்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கவே பன்னிரண்டு ஆகிறவருக்கு எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

அப்படிப்பட்டவர் காலை ஐந்தரை மணி ஜிம்மை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஒழுக்கம் என்று நினைத்துச் செய்யும் அந்த ஐந்தரை மணி, தேறுவதற்கான நேரத்தைத்தான் தின்கிறது. ஏழரை மணிக்குப் போக முடிந்தால் போங்கள். இல்லையென்றால் வாரத்தில் இரண்டே நாள், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். ஏழு மணி நேரம் தூங்கிச் செய்யும் இரண்டு நாள் பயிற்சி, நாலரை மணி நேரம் தூங்கிச் செய்யும் ஆறு நாளைவிட மேல். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் இருபது நிமிஷம் கண்ணை மூட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

காபியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபி பதினொரு மணிக்கும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பவுடர்களில் கஃபீன் அதைவிட நிறைய. அசதியை மறைக்க அதைக் குடித்து, அதனால் தூக்கம் கெட்டு, மறுநாள் அசதிக்குத் திரும்ப அதையே குடிப்பது நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் சுழல். நாலு மணிக்குமேல் இரண்டுமே வேண்டாம்.

ராத்திரி சரியாகத் தூங்காத நாளில் என்ன செய்வது? ஐந்து மணி நேரத்துக்குக் கீழ் என்றால் அன்றைக்கு எடையைக் கூட்டாதீர்கள், செட்டை ஒன்று குறையுங்கள்.

சாப்பாடு: அரிசியைக் குறை சொல்லாதீர்கள்

வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் மிளகுக் கோழியும் காடை வறுவலும். வீட்டில் அன்றாடம் நடப்பது வேறு: நிறையச் சோறு, ஒரு குழம்பு, கூட்டு, வெண்டைக்காய் மண்டி, கறி ஞாயிற்றுக்கிழமை. ருசிக்குக் குறைவில்லை, புரதத்துக்குத்தான் குறைவு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஜிம்மில் சேர்ந்ததும் தொப்பையும் குறையட்டும் என்று சோற்றை அடியோடு நிறுத்துகிறவர்கள். இவர்களுக்கு அசதி வராவிட்டால்தான் ஆச்சரியம். எடை தூக்குவதற்கு எரிபொருளே மாவுச்சத்துதான். முதல் மூன்று மாசம் உடம்பு எடையைக் குறைக்கும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் மாசம் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் இறங்காமல் பாருங்கள்.

புரதக் கணக்கு: சாதாரணமாக இருப்பவருக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்குகிறவருக்கு 1.6 கிராம் வரை பயன்படும். 60 கிலோ இருப்பவர் முதலில் 70 கிராமை எட்டி, பிறகு 95 பக்கம் போகலாம். இதை வீட்டுச் சாப்பாட்டிலேயே எட்ட முடியும். காலையில் நாலு இட்லி எட்டு கிராம், கூட இரண்டு அவித்த முட்டை பன்னிரண்டு. மத்தியானச் சோற்றில் ஏழெட்டு, இரண்டு துண்டு மீனில் இருபது, ஒரு கிண்ணம் தயிரில் ஐந்து. சாயங்காலம் பெரிய கிண்ணத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல், பன்னிரண்டு பதிமூன்று. ராத்திரி இரண்டு தோசை ஆறு, மறுபடி இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். கூட்டிப் பாருங்கள், தொண்ணூறை ஒட்டி வரும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

சைவக்காரர்கள் கொஞ்சம் திட்டம் போட வேண்டும். 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் பன்னீரில் 18 போல. சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பாமல் கெட்டிப் பருப்பாக, கொள்ளுத் துவையலாக, பச்சைப்பயறாகச் சாப்பிடுங்கள். உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்துக் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கும்மாயம் பயிற்சி முடிந்தபின் சாப்பிட அருமையான பலகாரம். ஆடி மாசத்துக்கென்று ஒதுக்கிவைக்க அவசியமில்லை. கவுனி அரிசியை மருந்துபோல விற்கிறார்கள். நல்ல அரிசிதான், ஆனால் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டபின் அது இனிப்புப் பண்டம்.

கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு முட்டை, மீன் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். அசதி அந்த மாசம்தான் ஆரம்பித்தது என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

பவுடர் வாங்குவதானால், ஒரு கரண்டியில் இருபது இருபத்தைந்து கிராம் புரதம், அதற்குமேல் அதில் மாயம் ஒன்றுமில்லை. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கிரியாட்டின் மோனோஹைட்ரேட் ஒன்றுதான் பலத்துக்கு உண்மையில் உதவும் என்று நிறைய ஆராய்ச்சியில் தெளிவானது; தினம் 3 முதல் 5 கிராம் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. "சீக்கிரம் தேறும்" என்று யாராவது ஊசியோ பெயரில்லாத மாத்திரையோ நீட்டினால் அந்த ஜிம்மையே மாற்றிவிடுங்கள்.

வெயிலும் தண்ணீரும்

சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழ் நாலு மணிக்கு ஸ்குவாட் போடுவது வேண்டாத வேலை. காலையிலோ, இருட்டியபின்னோ போங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அடுத்த சில மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, வியர்வையில் தண்ணீரோடு சேர்ந்து போவது முக்கியமாக உப்புதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கம்மி. அது மட்டும் போதாது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டர் சொன்னபடி.

ஜிம்முக்கு வெளியே தூக்குவதையும் கணக்கில் சேருங்கள்

உடம்புக்கு இது ஜிம் சுமை, இது கடைச் சுமை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பத்து மணி நேரம் நிற்பதும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க கிரிக்கெட் ஆடுவதும், பரீட்சைப் பயமும், குழந்தை ராத்திரியில் அழுவதும் ஒரே கணக்கில்தான் ஏறும். கல்யாண வீட்டில் மூன்று நாள் ஓடியாடிவிட்டு வந்தால் அந்த வாரம் லேசான வாரம்தான்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நாள்கணக்கில் தார்ரோட்டில் நடப்பது காலுக்குப் பெரிய சுமை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஸ்குவாட்டையும் டெட்லிஃப்டையும் பாதியாக்குங்கள். திரும்பி வந்து கால் கொப்புளம் ஆறும்வரை கை, தோள் பயிற்சி மட்டும் செய்யலாம். கால் பயிற்சியை மறுபடி தொடங்கும்போது பழைய எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்து ஆரம்பியுங்கள்.

திரும்ப ஏறுவது எப்படி

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் பயிற்சிக் குறைப்பு. இரண்டாம் வாரம் தூக்கம். மூன்றாம் வாரம் சாப்பாடு. அப்போதுதான் எது வேலை செய்தது என்று நோட்டு சொல்லும். மூன்று செட்டும் முழுசாக வந்த பயிற்சியில் மட்டும் எடை கூட்டுங்கள். ஒரே எடையில் மூன்று தடவை தோற்றால் பத்து சதவீதம் இறக்கி அங்கிருந்து திரும்ப ஏறுங்கள். இதில் மானப் பிரச்சினை ஒன்றுமில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு வாரம் லேசாகச் செய்யுங்கள். ஊர்த் திருவிழா வாரத்தை அதற்கு வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் முடிந்தது.

அதற்கும் தீரவில்லை என்றால்

நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசதி குறையவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதலில் ஹீமோகுளோபின். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆண்களிலும் நாலில் ஒருவருக்கு. பயிற்சிக்கு வரும் பெண்கள் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் அதை உடற்தகுதி இல்லை என்று தள்ளிவிடாமல் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூடவே ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, சர்க்கரை, விட்டமின் டி. சைவமாக இருந்தால் பி12. இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தால் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விடுங்கள், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. குறட்டை பலமாக இருந்து, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடை குறைவும் இருந்தால் உடனே அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அதற்குக் காசு கிடையாது.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்கு முன் ஒரு வாரமாவது கனமான பயிற்சியை நிறுத்திவையுங்கள். தசைக்குக் கடுமையாக வேலை கொடுத்த சில நாட்களுக்கு ரத்தத்தில் எஸ்ஜிஓடி (கல்லீரல் பரிசோதனையில் பார்ப்பது) அளவு கூடிக் காட்டும். கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று வீணாகப் பயந்து இன்னும் நாலு பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டிவரும். கிரியாட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு, சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினினும் சற்றுக் கூடித் தெரியலாம். எடை தூக்குகிறேன், இன்னின்னது சாப்பிடுகிறேன் என்று டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.